முடிச்சும் கொக்கியும் – 7: இருமுறை பிறந்த முடிச்சு

தீயணைப்பு வீரர்களின் இடுப்புக் கொக்கி, மியூனிக் மலையேறி ஓட்டோ ஹெர்சோக் கைக்கு வந்து கேரபீனரான கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் அதன் பூட்டு என்று சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது பிளேக் முடிச்சு வந்து வழி மறித்துவிட்டது.

மரத்தில் ஏறிக் கிளை கழிப்பவர்கள், உயரத்தில் உறுதியான கவட்டை ஒன்றில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை இடுப்பு வாரோடு பிணைக்கிறார்கள். அந்த முனையில் விட்ட மிச்ச வாலைக் கொண்டு, தொங்கும் மறுபாதிக் கயிற்றின் மேல் போடுவதுதான் இந்த முடிச்சு. கீழிருந்து மேலாக நான்கு சுற்று. பிறகு வாலை இறக்கி, அடியிலுள்ள இரண்டு சுற்றுகளுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். உடல் எடை விழுந்தால் கவ்வும். முடிச்சின் தலையில் கைவைத்து அழுத்தினால் இறங்கும்.

1994-ல் ஜேசன் பிளேக் இதை 'ஆர்பர் ஏஜ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் மரமேறிகளுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் 1981-லேயே ஹைன்ஸ் புரோஹாஸ்கா இதை ஆஸ்திரிய மலை வழிகாட்டிகளின் இதழில் வெளியிட்டிருக்கிறார்! 1990-ல் குகை ஏறுபவர்களின் 'நைலான் ஹைவே' இதழிலும் எழுதினார். மலைக்காரர்களும் குகைக்காரர்களும் படித்த முடிச்சை, பிளேக் தன் போக்கில் தானே கண்டடைந்தார். ஒருவர் திருடினார், மற்றவர் ஏமாந்தார் என்ற கதைக்கே இங்கே இடமில்லை. கயிறும் எடையும் ஒன்றானால் விரல்களும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. இந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்பு.

ஆஸ்திரியா என்றதும் கார்ல் புரூசிக்கை விட மனமில்லை. 1931-ல் தன் பிடிமுடிச்சை மலையேறிகளுக்குத் தந்தவர். முதல் உலகப்போரின்போது அறுந்துபோன இசைக்கருவித் தந்திகளை அதைக்கொண்டே இணைத்தார் என்று சொல்வார்கள்.

பிளேக் முடிச்சில் ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. வால் இறங்கும்போது, இடுப்பிலிருந்து வரும் கயிற்றை வெளிப்புறமாகக் கடந்த பிறகே சுற்றுகளுக்குள் போக வேண்டும். கடக்காமல் நுழைத்தாலும் பார்வைக்கு ஏறக்குறைய அதே முடிச்சுதான். பிடியை நம்ப முடியாது. மரமேறிகள் அதற்கு வைத்த பெயர் 'தற்கொலை முடிச்சு'. மாடிப்படிக் கைப்பிடியில் கயிறு தொங்கவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நல்ல விளக்கு வெளிச்சத்திலேயே தயங்கினேன். மழைத் தூறலில், இலை மறைக்க, அவசரத்தில் போடுகிறவரை எண்ணிப் பாருங்கள். அதனால்தான் தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே முழு எடையையும் விட்டுத் தொங்கிச் சோதித்த பிறகு ஏறுகிறார்கள். வால் நழுவி வெளியேறாதபடி அதன் முனையில் '8' வடிவ முடிச்சு ஒன்றும் போடுகிறார்கள். வேகமாக இறங்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் இழை உருகிக் கண்ணாடிபோல் மினுங்கும். மினுங்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

பக்கம் தீர்ந்துவிட்டது. நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும் கேரபீனர், குறுக்கே இழுபட்டால் 7, 8 கிலோநியூட்டனுக்கே உத்தரவாதம் தருவது ஏன், மரவேலைக்கு மூன்று அசைவில் திறக்கும் பூட்டைத் தேர்ந்தெடுப்பது ஏன் என்பதெல்லாம் அடுத்த வாரம்.