இன்ஜினை இறக்குமுன்: பழைய டீசல் பிக்அப் உரிமையாளர் அறிய வேண்டியவை

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுச் சந்தைக்கு வரும் தக்காளியையும், காரிமங்கலம் பக்கத்து மாந்தோப்புகளின் விளைச்சலையும் ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் சிறிய சரக்கு வண்டிகளே. 2523 சிசி கொள்ளளவும் நான்கு சிலிண்டரும் கொண்ட டீசல் இன்ஜின் பொருத்திய பழைய மகிந்திரா பிக்அப்களும், 2005இல் விற்பனைக்கு வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் பெற்ற டாடா ஏஸும் அவற்றுள் அடங்கும். இத்தகைய வண்டியின் இன்ஜினை இறக்குவது, அதாவது அதைக் கழற்றி முழுவதும் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றிக் கட்டுவது, ஒரு வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்குப் பெருஞ்செலவாகும். அந்தச் செலவு வாய்வார்த்தையை மட்டும் நம்பிச் செய்யப்படுவதால், வேலை பொய்த்துப்போகும்போது நட்டம் முழுவதும் உரிமையாளர் தலையில் விழுகிறது. சட்டம் அவருக்குப் பாதுகாப்பு அளித்திருந்தும், அதைக் கேட்டுப் பெறுவதற்கான காகிதம் அவர் கையில் இருப்பதில்லை.

இன்ஜின் ஏன் தேய்ந்தது என்று அறியாமல் அதைப் பிரிப்பது வீண். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் காரணமான ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரை இம்மாவட்ட மக்கள் நன்கு அறிவர். ஆனால் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீராகவும் இருப்பதையும், அதை ரேடியேட்டரில் ஊற்றினால் சுண்ணாம்புப் படிவு குழாய்களின் உட்புறத்தில் ஒட்டி வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும் என்பதையும் வண்டி வைத்திருப்போர் பலர் கருதுவதில்லை. சூடேறிய இன்ஜினில் சிலிண்டர் ஹெட் வளைகிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வாயுவும் நீரும் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் எரிகிறது. புதிய கேஸ்கெட்டைப் போட்டுவிட்டு மீண்டும் அதே நீரை ஊற்றும் வழக்கத்தைவிட, கனிமம் நீக்கிய நீருடன் உரிய அளவு கூலன்ட் கலந்து ஊற்றுவதே மலிவான பராமரிப்பு.

புகையின் நிறமும் ஒரு சான்று. கறுப்புப் புகை பெரும்பாலும் காற்று வடிகட்டி அடைத்திருப்பதையோ, டீசலைத் தூவும் நாசில் கெட்டிருப்பதையோ காட்டுகிறது. இவற்றுக்காக இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. நீலப் புகையுடன் ஆயில் குறைவதும், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் வாயு வேகமாகப் பீறிடுவதும் (பட்டறையில் இதைப் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பர்) பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் தேய்ந்திருக்கக் கூடும் என்பதற்கான அடையாளங்கள். அப்போதும் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து, அந்த எண்களை எழுதி வாங்கிய பிறகே பிரிக்கச் சம்மதிப்பது உரிமையாளருக்கு நல்லது.

பிரித்த பின் நடப்பதில்தான் வேலையின் தரம் தீர்மானமாகிறது. தேய்ந்த லைனரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, ரிங் சென்று திரும்பும் இடத்தில், நகத்தால் வருடினால் தட்டுப்படும் ஒரு படி உருவாகியிருக்கும்; அதை அப்படியே விட்டுப் புதிய ரிங் மட்டும் போட்டால், அந்த ரிங் படியில் இடித்து உடையக்கூடும். கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தால் வழக்கமாக ஒவ்வொரு கட்டத்துக்கும் கால் மில்லிமீட்டர் குறைப்பதால், அதற்கேற்ற தடிமனுள்ள பேரிங்கையே, தொழிலாளர் மொழியில் ‘மெட்டலை’, பொருத்த வேண்டும். பொருந்தாத மெட்டல் போட்டால் இடைவெளி கூடி ஆயில் அழுத்தம் விழுகிறது. எனவே போர் அளவு (சிலிண்டரின் உள்விட்டம்), கிராங்க் அளவு, மாற்றிய பாகங்களின் பெயரும் எண்ணும் ஆகியவற்றை லேத் பட்டறையின் ரசீதிலேயே எழுதி வாங்குவதும், கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டுப் பெறுவதும் உரிமையாளரின் முதல் கடமைகள்.

பட்டறைக்கும் உரிமையும் கடமையும் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, ஒப்புக்கொண்ட வேலையை முடித்த மெக்கானிக், தமக்குரிய கூலி கிடைக்கும்வரை வண்டியைத் தம்மிடம் நிறுத்திவைக்கலாம். அதே சட்டத்தின் 151ஆம் பிரிவோ, தம்மிடம் விடப்பட்ட பொருளை ஒருவர் தம் சொந்தப் பொருளைப் போன்ற நியாயமான கவனத்துடன் காக்க வேண்டும் என்கிறது. கூலி எவ்வளவு என்பது எழுத்தில் இல்லாதபோது இந்த உரிமையும் கடமையும் சண்டையாக மாறுவதால், மதிப்பீட்டை முன்னரே எழுதி இருவரும் கையெழுத்திடுவது மெக்கானிக்குக்கும் பாதுகாப்பே.

சரக்கு வண்டி வணிகத்துக்கு உரியது, ஆகவே நுகர்வோர் வழக்குத் தொடர முடியாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் நோக்கில் ஒரு லாரியை வாங்குபவர் நுகர்வோரே என்று, கோவையின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. முழுக்க முழுக்கப் பிறரே ஓட்டும் வண்டிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சுயதொழிலுக்கான இந்த விலக்கைத் தொடர்வதோடு, விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ ரசீது தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது.

பழைய பிளாக்கையே சரிசெய்து கட்டினால் இன்ஜின் எண் மாறாது. பிளாக் உடைந்து வேறு இன்ஜின் வாங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, இன்ஜின் மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலையும் பதிவுச் சான்றில் திருத்தத்தையும் கோருகிறது. ரசீதில்லாத இன்ஜின் திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் காவல்துறை வழக்கில் சிக்க நேரலாம். எண் பொருந்தாவிட்டால் தகுதிச் சான்று புதுப்பிப்பும் காப்பீட்டுக் கோரிக்கையும் தடைபடலாம். விற்பவரின் ரசீதும், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் பதிவு விவரமும் இல்லாமல் பழைய இன்ஜினை வாங்கவே கூடாது.

டீசல் வண்டி பத்து ஆண்டில் ஒழிக்கப்பட வேண்டும் என்று சொல்லி மலிவு விலைக்குக் கேட்கும் தரகர்களின் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை. அந்தக் கட்டுப்பாடு தில்லி தலைநகர வட்டாரத்துக்கானது. தமிழகத்தில் எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். நன்றாகக் கட்டிய இன்ஜின் இந்தச் சோதனைகளில் தேறும்.

இன்ஜின் நன்றாக இருந்தாலும் ஓட்டும் முறை பிசகக் கூடாது என்பதால், தொப்பூர் கணவாயைத் தனியே குறிப்பிட வேண்டும். சேலம் நோக்கிய இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது, கியரில் இருக்கும்போது இன்ஜின் தரும் தடையை இழப்பதாகும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கு வலு சேர்க்கும் வெற்றிட பம்பும் நின்றுவிடும். எந்த இன்ஜினும் ஈடுசெய்ய முடியாத ஆபத்து இது.

வேலை பொய்த்தால் முதலில் பட்டறைக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பட்டறை சரிசெய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. ஆணையம் தேவைப்பட்டால் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும் என்பதால், பழுதான இன்ஜினை அவசரப்பட்டு வேறு பட்டறையில் பிரித்துச் சான்றை அழித்துவிடாமல், படமெடுத்து, தகுதியுள்ள ஒருவரின் ஆய்வறிக்கையைப் பெற்ற பின்னரே உரிமையாளர்கள் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.