கப்பல் சுற்றுலாவும் குழுவின் காப்பீடும்

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியும் அதன் சிப்காட் தொழிற்பேட்டையும் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரமாகும். இத்தகைய தொழிற்பகுதிகளில், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய இ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் வருகின்றனர். அதற்கு மேல் ஊதியம் பெறுவோரில் பலருக்கு நிறுவனமே குழு மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்துத் தருகிறது. சக தொழிலாளர்களும் உறவினர்களும் ஒன்றுகூடிக் கப்பல் சுற்றுலாவுக்குப் புறப்படும்போது, இந்த இரண்டும் பொதுவாக இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கே உரியவை என்பதும், கரையை விட்டு அகன்றபின் அவற்றைப் பெரிதும் நம்ப இயலாது என்பதும் முதலில் உணரப்பட வேண்டியவை.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் சொகுசுக் கப்பலின் பயணங்கள் 2022 ஜூனில் தொடங்கின. 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்றது. இத்தகைய பயணங்களைக் காப்பீட்டு நோக்கில் மூன்றாகப் பகுக்கலாம். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் செல்வது போன்றது உள்நாட்டுப் பயணம். இலங்கைக்கோ, சிங்கப்பூர் சென்று அங்கிருந்தோ கப்பலேறுவது வெளிநாட்டுப் பயணம். எந்த அயல்நாட்டுத் துறைமுகத்தையும் தொடாமல் நடுக்கடல் வரை சென்று சென்னைக்கே திரும்புவது மூன்றாம் வகை. இந்தியாவின் ஆட்சிக்கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் முடிந்துவிடுவதால், இம்மூன்றாம் வகைப் பயணத்துக்கு உள்நாட்டுப் பாலிசி பொருந்துமா, வெளிநாட்டுப் பாலிசி வேண்டுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதே பாதுகாப்பானது.

கப்பலில் உள்ள மருத்துவ அறை முதலுதவிக்கும் சிறு நோய்களுக்கும் உதவுமே தவிர, பெரிய மருத்துவமனைக்கு ஈடாகாது. அங்குப் பெறும் சிகிச்சைக்கான தொகை பயணியின் கப்பல் கணக்கில் சேர்க்கப்பட்டு, இறங்குமுன் வசூலிக்கப்படுவதே வழக்கம். மாரடைப்பு போன்ற நெருக்கடியில் நோயாளியை ஹெலிகாப்டரிலோ படகிலோ கரை சேர்த்து, தக்க மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், அந்த மீட்புச் செலவு சிகிச்சைச் செலவையே விஞ்சக்கூடும். எனவே கடல் பயணத்துக்கான பாலிசியில் மொத்தக் காப்பீட்டுத் தொகையைக் காட்டிலும், அவசர மருத்துவ மீட்புக்கும், உயிரிழந்தவரின் உடலைத் தாயகம் கொண்டுவருவதற்கும் தனித்தனியே எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்பதே முதலில் பார்க்கத்தக்கது. ஒவ்வொரு கிளைமிலும் பாலிசிதாரர் தம் கையிலிருந்து ஏற்கவேண்டிய தொகையும் இருப்பதால், பிரீமியம் குறைந்த பாலிசியில் அது எவ்வளவு என்பதையும் ஒப்பிட வேண்டும். ஐரோப்பியக் கடல்களுக்குச் செல்வோர் ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்டுகின்றனர். ஆயினும் ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் பாலிசி, கப்பல் இடையே துருக்கித் துறைமுகம் ஒன்றில் நின்றால் அங்குப் பயன்படாது.

குழுப் பயணத்தில் எழும் முக்கிய வினா, பாலிசி யார் பெயரில் உள்ளது என்பதாகும். டூர் ஏற்பாட்டாளர் குழு முழுவதற்கும் ஒரே பாலிசி எடுத்தால் முதன்மைப் பாலிசிதாரர் அவரே. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் காப்பீட்டுச் சான்றிதழ் தனியே வழங்கப்பட வேண்டும். அச்சான்றிதழ் கையில் இல்லாதவர், கட்டணத்தில் இன்சூரன்ஸும் சேர்ந்துள்ளது என்னும் வாய்மொழியை மட்டும் நம்பிக் கடலில் இறங்குகிறார். குழுவில் அறுபது, எழுபது வயதைக் கடந்தோருக்குச் சிகிச்சைச் செலவுக்கான உள்வரம்புகள் மாறுபடும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் முதலிய முன்னரே உள்ள நோய்களை விண்ணப்பத்தில் மறைத்தால் பின்னர் கிளைம் மறுக்கப்படலாம். தெரிவித்தாலும் பல பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே அந்நோய்க்கான செலவை ஏற்கின்றன. ஆகவே குழுவில் உடல்நிலை மிகவும் நலிந்தவருக்கு எது பொருந்துமோ அதை அளவுகோலாகக் கொள்வதே முறை. இளைஞர்களுக்குப் போதுமான மலிவான பாலிசியை அனைவருக்கும் ஒன்றாக எடுப்பது முறையன்று.

கேபின் கட்டணம் பெரும்பாலும் இருவர் தங்குவதை வைத்தே கணக்கிடப்படுவதால், ஒருவர் நோயுற்று விலகினால் மற்றவர் மீது கூடுதல் சுமை விழும். பயண ரத்துக்கான இழப்பீடு பாலிசியில் பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதோடு, 'பயணத் துணை' என்பதன் வரையறைக்குள் நண்பரும் சக பணியாளரும் அடங்குவரா, குடும்பத்தினர் மட்டும்தானா என்பதும் பாலிசிக்குப் பாலிசி வேறுபடுகிறது. ஓசூரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கோ வாடகை வேனில் செல்வோர், வழியில் வண்டி பழுதாகிக் கப்பலைத் தவறவிட்டால் இழப்பீடு கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். பல பாலிசிகள் விமானம் முதலிய பொதுப் போக்குவரத்தின் தாமதத்தை மட்டுமே ஏற்கின்றன.

கப்பல் குறித்த துறைமுகத்தில் நிற்காமல் போவதும் நிகழக்கூடியதே. 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற கப்பலில் 66 பேருக்குக் கொரோனா உறுதியானதால் பயணம் குலைந்தது. அதே ஆண்டு ஜூனில் சென்னையிலிருந்து சென்ற கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. தவறிய துறைமுகத்துக்கும், பயணம் பாதியில் முடிவதற்கும் இழப்பீடு உண்டா என்பதைப் பாலிசியில் தேடிப் பார்க்க இந்நிகழ்வுகளே போதிய காரணமாகும்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு கிட்டாவிடில், நிறுவனங்களின் மீதான புகார்களைக் கட்டணமின்றி விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். எல்லைப் பகுதியாகிய ஓசூர் வட்டாரத்தில் ஒரே குழுவில் தமிழக முகவரி உடையோரும் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கர்நாடக முகவரி உடையோரும் கலந்திருப்பதால், முன்னவர் சென்னை அலுவலகத்தையும் பின்னவர் பெங்களூரு அலுவலகத்தையும் அணுகலாம். எனவே முன்பணம் கட்டுமுன் குழுவினர் ஒருமுறை கூடி, பாலிசியின் விதிவிலக்குப் பகுதியைப் படித்துப் பார்த்து, ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலான சான்றிதழையும், உதவி மையத்தின் தொலைபேசி எண்ணையும் பெற்ற பின்னரே கப்பலேறுவது நல்லது.