கருவறை வரை எட்டும் கசிப்பு

வாவியோரக் கண்டல் காட்டுக்குள் கசிப்பு காய்ச்சும் கோடா பரல்கள் பிடிபட்டன என்ற செய்தி மட்டக்களப்புக்குப் புதிதல்ல. கசிப்பு என்ற இந்தக் கள்ளச்சாராயத்தைச் சொன்னதும் ஈரல் கெட்ட ஆண்களும் அடிவாங்கும் மனைவிமாரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். இன்னும் பிறக்காத பிள்ளைக்குப் பிற்காலத்தில் வரக்கூடிய சீனி வருத்தம் அந்தப் பேச்சில் இடம்பெறுவதேயில்லை. இடம்பெற வேண்டும்.

கர்ப்பகால மதுவின் கேட்டை 1968இல் பிரான்சில் போல் லெமுவானும், 1973இல் அமெரிக்காவில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் எழுதினார்கள். பிள்ளைகளிடம் குன்றிய வளர்ச்சி, முக மாற்றம், மூளைப் பாதிப்பு ஆகியவையே அன்று கண்ணில் பட்டன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு உடம்பு சீனியை எப்படிக் கையாள்கிறது என்ற கேள்வி பெரிதாக எழப் பல ஆண்டுகள் சென்றன.

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. அதை உடைக்கும் நொதிகள் சிசுவின் ஈரலில் மிகக் குறைவு. பனிக்குட நீரிலும் மது தங்குவதால், சிசு அதையே திரும்ப விழுங்குகிறது. ஈரலும் சதையியும் தசைகளும் உருவாகும் காலம் அது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், கருவில் மதுபட்ட எலிக்குட்டிகளின் உடம்பு வளர்ந்த பின் இன்சுலினுக்குச் சரியாக இசையவில்லை. கொழுப்பு மிகுந்த உணவு நிலைமையை மேலும் மோசமாக்கியது.

மனிதர்களிடமும் தடயம் உண்டு. கருவில் மதுவால் பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2020இல் வெளியானது. அவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு அதிகமாகவும், நல்ல கொழுப்பு குறைவாகவும் இருந்தன.

இலங்கையில் பெண்கள் குடிப்பது மிகக் குறைவு. பிறகென்ன கவலை என்று தோன்றலாம். ஆனால் கவலை பெண்ணின் குடியோடு முடிவதில்லை. பெண்களுக்கு மது விற்க 1979 முதல் இருந்த தடையை 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்த விவாதம் முழுவதும் பெண்ணின் கையிலுள்ள கிளாஸைப் பற்றியதே. தகப்பனின் கிளாஸை யாரும் கேட்கவில்லை.

விஞ்ஞானம் கேட்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோல்டிங் குழுவினர், சேர்க்கைக்கு முன் ஆண் சுண்டெலிகளுக்கு மட்டும் மது கொடுத்தார்கள். தாய்க்கு ஒரு துளியும் இல்லை. அப்படியிருந்தும் குட்டிகளின் வளர்ச்சியும் வளர்சிதை மாற்றமும் பிசகின. சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஆண்களின் குடியால் அலைக்கழியும் ஒரு மாவட்டம் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

வழி நம்மிடமே இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர்கள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடுவீடாகச் செல்கிறார்கள். புதுமணத் தம்பதியருக்கான கிளினிக்குகளும் உண்டு. குடியைப் பற்றிய கேள்வியை அங்கே கணவனிடமும் கேட்க வேண்டும், குற்றவாளியை விசாரிக்கும் தொனியில்லாமல். கர்ப்பம் தெரியாமல் குடித்துவிட்ட தாயும் அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நன்மைதான். பிள்ளைக்கு ஆயத்தமாகும் தம்பதியர் இருவருமே இன்றே மதுவை விட்டுவிடுங்கள்.