சாவி யார் கையில்?

"அப்படி என்னடா ராத்திரி பூரா கம்ப்யூட்டரையே பாக்கறே?" என்று பிள்ளைகளைக் கேட்கும் நம் சங்கத்துப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு, சி++ மொழியில் சரக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கவுண்டர்; ஒவ்வொன்றுக்கும் ஒரு 'த்ரெட்', அதாவது ஒரே நிரலுக்குள் கூடவே ஓடும் தனி இழை. கூட்ட நாட்களில் மட்டும் கிடங்கில் ஒன்றிரண்டு பெட்டி குறைந்தது. கிடங்குக்காரர்மேல் பழி விழுந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, திருடன் என் நிரல் என்று!

நடந்தது இதுதான். இருப்பு 40. இரண்டு இழைகளும் ஒரே கணத்தில் 40 என்று படித்தன; ஆளுக்கு ஒன்றைக் கழித்து 39 என்று எழுதின. விற்றது இரண்டு, கழிந்தது ஒன்று. பூட்டு, அதான் 'மியூடெக்ஸ்', போட்டிருந்தேன். ஒரு இடத்தில் மட்டும் மறந்துபோனேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை.

கிரேடன் ஹோர் 2006-இல் தொடங்கி, 2015-இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி இந்த மறதியை விடுவதில்லை. அதில் சரக்கு பூட்டுக்கு உள்ளேயே இருக்கும். பூட்டைத் திறக்காமல் தொடவே முடியாது. வேலை முடிந்ததும் பூட்டு தானாக விழுந்துவிடும். 'சேனல்' என்று இன்னொரு வழி உண்டு. தபால் பெட்டியில் போட்ட கடிதத்தை மறுபடி எடுக்க முடியுமா? அதுபோல, அனுப்பிய தகவல் வாங்கினவருக்கே சொந்தம். அனுப்பினவர் திரும்பத் தொட்டால் நிரல் கம்பைல் ஆகாது. பலர் பங்கு போட்டுக்கொள்ள 'ஆர்சி' (ஆர், சி என்ற இரண்டெழுத்து), 'ஆர்க்' என இரண்டு உறைகள். முதலாவது இழை தாண்டிப் போக ஏற்றதல்ல. அனுப்பிப் பாருங்கள், கம்பைலர் அங்கேயே மறித்துவிடும்.

இதெல்லாம் இருந்தும் கண்மூடி நம்பக்கூடாதுங்க. பூட்டைத் திறந்து 40 என்று படித்து, பூட்டிவிட்டு, மறுபடி திறந்து 39 என்று எழுதினால் ரஸ்ட்டும் பேசாமல்தான் இருக்கும். இரண்டு இழைகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குக் காத்து நின்றாலும் அப்படியே.

கிடங்குக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு எல்லாரும் கேட்டாங்க சார், எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு" என்றார்.