வெட்டி எடுத்த சித்திரமும் வீசி எறிந்த அங்கியும்



"பழைய பட்டுப்புடவை, ஜரிகை இருக்கா?" என்று கூவிக்கொண்டு தெருவில் வருபவரை ஆம்பூரிலும் வேலூரிலும் பார்க்காதவர் இருக்கமாட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நாமும் அப்படி ஒருவரை அழைத்து, நமது தாயாரின் கல்யாணப் புடவையைக் கொடுத்தோம். அவர் ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தார். கரையையும் முந்தானையையும் கத்தரித்துத் தராசில் வைத்தார். உடல் பட்டுக்கு விலை இல்லை என்று நம்மிடமே போட்டுவிட்டுப் போனார். அது பரணில் கிடந்து இற்றுப்போயிற்று. தராசுக்காரராகிய நமக்கு அன்று அது நல்ல வியாபாரமாகத்தான் தெரிந்தது.

அண்மையில், ஷூ ஏற்றுமதித் தொழிலில் உள்ள நண்பரின் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்து காட்டினார். எகிப்து நாட்டில் மணலுக்கடியில் கிடைத்த பழைய அங்கிகள் பற்றியது. அதைப் புரட்டியபோதுதான் நாம் செய்த காரியம் உறைத்தது.

அங்கியும் சித்திரமும்

கி.பி. 3-ஆம் நூற்றாண்டு முதல் 7-ஆம் நூற்றாண்டு வரையிலும், அதற்குப் பின்னும் எகிப்து மக்கள் அணிந்த அங்கிகள் இவை. இறந்தவரை உடுத்திய துணியோடு புதைத்தார்கள். வறண்ட மணல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அவற்றைக் காப்பாற்றியது.

அங்கி பெரும்பாலும் வெளுத்த நார்த்துணி. தோளிலிருந்து முன்னும் பின்னும் இறங்கும் இரண்டு நீளப் பட்டைகள், தோளிலும் முழங்காலருகிலும் வட்டமோ சதுரமோ ஆன துண்டுகள், இவற்றில்தான் சித்திர வேலை. கொடி, பறவை, முயல், நடனமாடுவோர், குதிரை வீரர் என்று பல உருவங்கள். இது தைத்த பூ வேலை அன்று, தறியிலேயே நெய்தது. ஊடை நூல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடாது. ஒவ்வொரு நிற நூலும் தன் இடத்துக்குள் மட்டும் போய்த் திரும்பும். நம் காஞ்சிபுரம், ஆரணி நெசவாளர் கோர்வைக் கரை போடும்போது கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா என்று ஓட்டி, இரண்டு நிறத்தையும் ஓரத்தில் கோத்து விடுகிறார்களே, அந்தக் கணக்கை உள்ளங்கை அகலத்தில் பத்து நிறத்துக்குச் செய்வது போல. நாரில் சாயம் சரியாக ஏறாது. ஆகவே சித்திரத்துக்குச் சாயமேற்றிய கம்பளி நூலைப் பயன்படுத்தினார்கள்.

ரோமாபுரியில் அகலப் பட்டை செனட் சபையினருக்கு, குறுகிய பட்டை அடுத்த தரத்தாருக்கு என்று விதி இருந்தது. காலப்போக்கில் சாதாரண மக்களும் பட்டை போட்டுக்கொண்டார்கள். கடல் நத்தையிலிருந்து எடுக்கும் ஊதாச் சாயம் கொள்ளை விலை. ஆகையால் பெரும்பாலான ஊதாத் துண்டுகள் நீலச்சாயமும், நம் நாட்டு மருந்துக் கடையில் உள்ள மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த வேர்ச்சாயமும் கலந்து ஏற்றியவையே. மிளகில் பப்பாளி விதையைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

மிளகு என்றதும் ஒன்று. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில், இந்தியச் சாடி ஒன்றில் சுமார் ஏழரை கிலோ மிளகு அகழ்வில் கிடைத்தது. முதல் நூற்றாண்டுச் சரக்கு. அதே கரையில் குசேர் அல் கதீமில் கண்ணன், சாத்தன் என்று தமிழ்ப் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. நம் முன்னோர் கடை விரித்த கரைதான் அது.

கத்தரி செய்த வேலை

அங்கி நைந்தால் அந்நாட்டவர் சித்திரத் துண்டை எடுத்து வேறு அங்கியில் தைத்துக்கொண்டார்கள். அது சிக்கனம், பொருளும் பயனில் இருந்தது. ஆனால் 1880-களில் அக்மீம் ஊர் இடுகாடுகளைத் தோண்டியவர்களும் தரகர்களும் செய்தது வேறு. சித்திரத்தை மட்டும் வெட்டி எடுத்து விற்றார்கள். மிச்ச அங்கியை எறிந்தார்கள். ஒரே துண்டை இரண்டாக வெட்டி இருவருக்கு விற்றதும் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் முதலிய இடங்களுக்கு இவ்வாறு ஏராளமான துண்டுகள் சேர்ந்தன. எந்தக் குழியில் கிடைத்தது, அணிந்தவர் ஆணா, பெண்ணா, குழந்தையா, கூட என்ன இருந்தது என்ற விவரம் பலவற்றுக்கு இல்லை. இன்று கரிமச் சோதனை செய்து காலத்தை ஓரளவு கணிக்கிறார்கள். அணிந்தவரைத் திரும்பக் கொண்டுவர எந்தச் சோதனையும் இல்லை.

நம் பகுதித் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோலின் ஓரத்தில் குறி போட்டுத்தான் பதனிட அனுப்புகிறோம். குறியுள்ள ஓரத்தை யாராவது நறுக்கிவிட்டால், தோல் எவ்வளவு உயர்ந்ததானாலும் யார் சரக்கு என்று சொல்ல முடியாது.

நமது தாயாரின் புடவைக்கும் அதே கதிதான். நிறம் அரக்கு என்பது நினைவிருக்கிறது. எந்த ஊர்த் தறி, என்ன விலை, யார் போய் எடுத்து வந்தார்கள் என்று சொல்லத் தெரிந்தவர் இப்போது யாருமில்லை. பணம் அன்றைய சரக்குக் கொள்முதலிலேயே கரைந்துவிட்டது.

எனவே வணிகச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கோர்வைப் புடவை இருந்தால், ஜரிகை விலை ஏறியிருக்கிறது என்று அவசரப்பட வேண்டாம். உடுத்தியவர் பெயர், எடுத்த ஆண்டு, ஊர், விலை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் புடவையோடு வையுங்கள். வருடம் ஒருமுறை நிழலில் உலர்த்தி மடிப்பை மாற்றுங்கள். பணமுடையால் விற்றே தீரவேண்டும் என்றால், ஒரு போட்டோவாவது எடுத்துக்கொண்டு கொடுங்கள். ஒரு மூட்டைச் சரக்குக்கே லாட் நம்பர் எழுதி வைக்கும் நமக்கு இது பெரிய வேலையன்று.