உள்ளே பேசியது யாருக்குச் சொந்தம்?

அம்பத்தூரில் என்னிடம் கவுன்சலிங்குக்குத் தனியாக வருகிறவர்கள் குறைவு. அம்மாவோ அண்ணனோ கூட வருவார்கள். 50 நிமிடம் முடிந்து கதவைத் திறந்ததுமே, "என்ன சொன்னான் சார்?" ஃபீஸ் கட்டுவதும் அவர்கள்தான்.

கேட்பதில் தப்பில்லை, அக்கறைதான். ஆனால் நான் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் பையன் கிரிக்கெட் பற்றித்தான் பேசுவான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் ரகசியம் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்குத் தீங்கு மாதிரி சில விலக்குகள் உண்டு.

அதனால் முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன்: "உயிருக்கு ஆபத்துன்னா மறைக்கமாட்டேன். மத்ததை அவரே சொன்னாத்தான் உண்டு."

கார்ல் ரோஜர்ஸ் 1942இல் வந்த புத்தகத்தில் நோயாளி என்பதை விட்டு 'கிளையன்ட்' என்று எழுதினார். அவர் மனதில் இருந்தது ஒரு ஆள், ஒரு நாற்காலி. இங்கே மூன்று நாற்காலி போடவேண்டியிருக்கிறது.

கோபித்துக்கொண்டு போன அம்மாக்கள் உண்டு. ஒருவர் மட்டும், "அப்ப எனக்கும் ஒரு நாள் டைம் குடுப்பீங்களா?" என்று கேட்டார். நானே இருவரையும் பார்த்தால் யார் சொன்னதை யாரிடம் மறைக்கிறேன் என்று எனக்கே குழம்பும். ஆவடியில் இருக்கும் வேறொருவரிடம் அனுப்பினேன்.