காத்திருத்தலும் நின்றுவிடுதலும்

பெங்களூரில் வாழும் தமிழ் நேயர்களுக்குத் தர்ஷினி என்னும் சிற்றுண்டிச் சாலையைப் பற்றி நாம் விளக்க வேண்டுவதில்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறோம். அதைத் தோசைக்காரரிடம் நீட்டுகிறோம். அவர் நம் தோசை வேகும்வரை வெறுமனே நிற்பதில்லை. கல் நிறைய வரிசையாக வார்க்கிறார். எது சிவந்ததோ அதை உரியவரிடம் சேர்ப்பிக்கிறார். ஆள் ஒருவரே, ஆயினும் கூட்டம் தேங்குவதில்லை.

இந்நகரத்து மென்பொருள் நிலையங்களில் நம் பிள்ளைகள் எழுதும் நிரல்கள் பலவும் இவ்வாறே இயங்குகின்றன. இம்முறைக்கு 'ஈவெண்ட் லூப்' என்று பெயர். நிகழ்ச்சிச் சுழல் எனலாம். 1995-இல் பிரெண்டன் ஐக் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு இதுவே உயிர்நாடி. 2009-இல் ரயன் டால் வெளியிட்ட நோட் அமைப்பு, அம்மொழியையும் சுழலையும் சேவைக் கணினிகளுக்குக் கொணர்ந்தது.

சுழல் ஒரு வேலையை எடுத்தால், அவ்வேலை தானே விட்டுக்கொடுக்கும்வரை வேறொன்றைத் தொடாது. விட்டுக்கொடுப்பதற்கென்றே 'அவெயிட்' என்னும் கட்டளை 2015-இல் பைத்தான் மொழியிலும், 2017-இல் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையிலும் இடம்பெற்றது. 'காத்திரு' என்பதே அதன் பொருள். காத்திருப்பதோ அந்த ஒரு வேலைதான். சுழல் பிறரைக் கவனிக்கச் சென்றுவிடும். விடை வந்தபின், கையிலுள்ளது முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புதியவர் இடறுவது இங்கேதான். பைத்தானில் 'டைம்' தொகுதியிலும் 'ஸ்லீப்' கட்டளை உண்டு. 'ஏசிங்க்-ஐஓ' தொகுதியிலும் உண்டு. பின்னதை அவெயிட்டுடன் எழுதினால் அவ்வேலை மட்டும் உறங்கும். முன்னதோ சுழலையே உறக்கிவிடும். ஒருவரே அமர்ந்து சோதிக்கும்போது இவ்வேற்றுமை புலப்படாது என்பதே வேதனை. தீபாவளிக்கு ஊர் செல்லப் பேருந்துச் சீட்டு வேண்டி நூறு பேர் ஒருங்கே வருகின்றனர் என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஐந்து விநாடி உறங்கினால், நூறாமவர் எட்டு நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டும். அதற்குள் இடம் எங்கே எஞ்சும்?

மற்றொன்று: சேலம், மதுரை, நெல்லை வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அவெயிட் செய்து வினவினால், தலா இரண்டு விநாடியாக ஆறு விநாடி ஆகும். மூன்றையும் ஒருசேரத் தொடங்கி 'கேதர்' கட்டளையால் எதிர்நோக்கினால் ஏறக்குறைய இரண்டே விநாடி.

ஆனால், காத்திருப்பு ஏதுமின்றிக் கணக்கே நீண்டதாயின் அவெயிட் உதவாது. தோசை வார்ப்பவரே மாவும் அரைக்க இயலாதன்றோ? அரைக்க வேறோர் ஆளை, அதாவது தனிச் செயலாக்கத்தை, அமர்த்தவே வேண்டும்.